முதலில் புள்ளி, பிறகு டிகிரி

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "அம்மிணி, இன்னிக்குத் துணி காயப் போடலாமுங்களா?" என்பதுதான். ராசிபுரத்தில் எங்கள் தெருவில் இது பல வருடத்துக் கேலி. நானும் மொட்டை மாடிக்குப் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தாராளமாப் போடுங்க, சாயங்காலம் டீ குடிக்கறதுக்கு முன்னால எடுத்துருங்க" என்பேன். கேலிக்குக் கேட்கிறவர்கள்கூட நான் சொன்ன நேரத்துக்குச் சரியாக மாடியேறித் துணியை எடுத்துவிடுகிறார்கள். அதை நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

போன மாதம் நான் படித்த பல்கலைக்கழகத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வானிலையியல் இளங்கலை வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். பேசினேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. வானிலை எல்லாம் போன்லயே வருது. மணிக்கு மணி வருது. இதுக்கு ஒரு டிகிரி எதுக்கு மேடம்?" என்றாள். அரங்கமே சிரித்தது. துறைத்தலைவர் முகம் சுண்டிப் போய்விட்டது. எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றும் வந்தது. ஆனால் பதில் வரவில்லை. ஏதோ மழுப்பினேன், சால்வை போர்த்தி அனுப்பி வைத்தார்கள்.

ரயிலில் சேலம் வந்து, நாமக்கல் பஸ் ஏறி, சன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு பதில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. அதனால் ஒழுங்காக எழுதியே பதில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோதே வந்துவிட்டது. அப்பா டேங்கர் லாரி ஓட்டினார். மங்களூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையில்தான் அவர் வாழ்க்கை. நான் விண்ணப்பம் போட்ட படிப்பின் பேரைச் சொன்னதும், "மழையப் படிக்கறதுக்குன்னே காலேஜ் இருக்குதா சாமி?" என்று கேட்டார்.

"இருக்குதுங்கப்பா."

"அப்ப நான் மங்களூர் மலை எறங்கறப்ப மழை புடிக்குமா புடிக்காதான்னு சொல்லிருவியா?"

"படிச்சு முடிச்சாச் சொல்லிருவேங்க."

"அப்பப் படி." அவ்வளவுதான். சொந்தக்காரர்கள், பொம்பளப் புள்ளைக்கு டீச்சர் டிரெயினிங்தான் லாயக்கு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். மலையில் மழை வருவதை முன்கூட்டியே சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால் தேவலை என்பதில் அப்பா உறுதியாக நின்றார்.

படிப்பு நான் நினைத்த மாதிரி இல்லை. முதல் வருடம் முழுக்க எங்களுக்கு வானத்தையே காட்டவில்லை. கணக்கு, கணக்கு, மேலும் கணக்கு. வெப்பம் எப்படிப் போகிறது, காற்று எதனால் ஏறுகிறது என்று எல்லாமே கரும்பலகையில்தான் நடந்தது. அதுவும் இங்கிலீஷில். இரண்டாம் வருடம்தான் கண்காணிப்புத் தோட்டத்துக்குள் விட்டார்கள். மழைமானி, காற்றுத் திசைகாட்டி, சன்னல் மாதிரி சட்டம் அடித்த வெள்ளை மரப்பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்று சும்மா தொங்கும், அது உலர்குமிழ். இன்னொன்றின் அடிக்குமிழில் மெல்லிய மல் துணி சுற்றி, திரி போட்டு, தண்ணீரில் விட்டிருப்பார்கள். காற்று உலர்ந்திருந்தால் துணியின் ஈரம் வேகமாகப் பறக்கும், பறக்கிற ஈரம் குமிழைக் குளிர்விக்கும், அந்த ஈரக்குமிழின் அளவு கீழே நிற்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எதுவும் பறக்காது. இரண்டு குமிழும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். மூன்று வருடப் படிப்பில் எனக்குச் சோறு போட்டது இந்த ஒரு விஷயம்தான் என்றால் என் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். உண்மை அதுதான்.

கடைசி வருட விடுமுறைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு அங்குள்ள காற்றை அளந்துவர வேண்டும். கையில் பிடித்துச் சுழற்றும் ஈரமானி ஒன்றைக் கொடுத்தார்கள். திருவிழாக் கிலுகிலுப்பை மாதிரி இருக்கும், நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். கூடப் படித்த பையன்கள் ஏரி, மலை, அணைக்கட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு ஊர் சுற்ற வீட்டில் அனுமதி கிடையாது. நான் எங்கள் வீட்டுச் சமையல்கட்டை எடுத்துக்கொண்டேன்.

விறகடுப்பில் இட்லி வேகும்போது ஒரு தடவை, பருப்பு கொதிக்கும்போது ஒரு தடவை என்று நான் நடுக்கட்டில் நின்று கிலுகிலுப்பையைச் சுழற்றினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அடுப்படி வெக்கைய அளக்கறதுக்கா உன்னயக் காலேஜுக்கு அனுப்புனோம்? அக்கட்டால போ, மண்டைல படப்போவுது." அளந்து பார்த்தபோது எனக்கே திகைப்பு. வாசலில் வெயில் கொளுத்தியது, ஆனால் அங்கே வியர்வை காய்ந்தது. உள்ளே வாசலைவிடச் சூடு அதிகமில்லை, ஆனாலும் அம்மாவின் முதுகு நனைந்தே கிடந்தது. ஈரக்குமிழ் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

தேர்வாளர் வெளியிலிருந்து வந்தவர். என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இது வானிலையா, வீட்டு வேலையா?" என்று கேட்டார். நான் விடவில்லை. "சமையக்கட்டுல நிக்கற எங்கம்மாவுக்கு இதுதான் சார் வானிலை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார். முதல் வகுப்பு வந்தது. அப்பா லாரியில் ஒரு தடவை சென்னை நடை போனபோது எனக்கென்று ஒரு கிலுகிலுப்பை வாங்கி, துண்டில் சுற்றி, உடையாமல் கொண்டுவந்தார். கிளீனர் அண்ணன் அதை ராசிபுரம் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தாராம். என் பணிக்காலம் முழுக்க என் பையில் கிடந்தது அதுதான்.

எனக்கு வேலை கிடைத்தது நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில் இருந்த ஒரு வேளாண் வானிலை நிலையத்தில். சின்னக் கட்டடம், முன்னால் கண்காணிப்புத் தோட்டம். வாரம் இரண்டு முறை உழவர்களுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் அறிக்கை அனுப்புவது எங்கள் வேலை. கரும்புக்குத் தண்ணீர் எப்போது விடலாம், நிலக்கடலையை எப்போது பிடுங்கலாம், கோழிக் கொட்டகையில், எங்கள் பேச்சில் செட்டில், என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுவோம். என் மேலதிகாரி ரத்தினம் சார். தம்மம்பட்டிக்காரர். எங்கள் கொங்குப் பேச்சு அவருக்கு வராது. "ஏனுங்க, என்னங்கன்னு ஏம்மா வார்த்தைக்கு வார்த்தை வாலு ஒட்டுறீங்க?" என்பார்.

அவரிடம் நான் வேலை பார்த்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பெட்டியைத் திறக்கப் போகும்போது காற்று வரும் பக்கம் நிற்கக் கூடாது, நம் உடம்புச் சூடு பெட்டிக்குள் போய்விடும். கதவைத் திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைக்க வேண்டும். முதலில் புள்ளியைப் படிக்க வேண்டும், பிறகுதான் டிகிரியை. முப்பத்தாறு புள்ளி நாலு என்றால் முதலில் அந்த நாலு. ஏனென்றால் நாம் பக்கத்தில் போய் நின்ற கணமே புள்ளி நகர ஆரம்பித்துவிடும். டிகிரி எங்கேயும் ஓடிப்போகாது. மல் துணியை மாற்றுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்துவிட்டேன். "என்னாம்மா, துணிக்குத் தாளிக்கப் போறியா?" என்று திருப்பி அனுப்பினார். திரிக்கு ஊற்றுவதற்கு எங்கள் ஊர் போர் தண்ணீர் ஆகவே ஆகாது. அந்த உப்பு படிந்தால் துணி அப்பளமாகிவிடும், ஈரக்குமிழ் பொய் சொல்லும். அதற்காகவே மழைத் தண்ணீர் பிடித்துக் கண்ணாடி ஜாடியில் மூடி வைத்திருப்பார். அந்த ஜாடியை யாரும் தொடக் கூடாது.

கத்த மாட்டார். கத்தியிருந்தால் தேவலை என்று இருக்கும். நாம் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு, "இதுல பாத்தது எது, நெனச்சது எது?" என்று கேட்பார். "இன்னிக்கு மழை வரும் சார்" என்றால், "அது நெனச்சது. பாத்தது எது?" என்பார். மத்தியான அளவீட்டை முடித்து எழுதிய பிறகுதான் டீ குடிப்பார். அதற்கு முன் கலெக்டரே வந்து கொடுத்தாலும் குடிக்க மாட்டார். முதல் சில வருடங்கள் இந்த மனிதரிடம் மாட்டிக்கொண்டோமே என்று அப்பாவிடம் புலம்பியிருக்கிறேன். அப்பா சிரித்தார். "டயர் காத்தத் தட்டிப் பாக்காத டிரைவர்கூட நான் போவேனா சாமி? உனக்கு நல்ல டிரைவர் கெடைச்சிருக்காரு" என்றார்.

இப்போது அந்தச் சித்திரை மாதத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் நல்ல காய்ச்சல் வெயில். உலர்ந்த காற்று, முகத்தில் அனல் அடித்தது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, அந்த மூச்சோடு ஈரத்தை வெளியே விட்டுத்தான் அது உடம்பைத் தணித்துக்கொள்ளும். அதனால் நாங்கள் அறிக்கையில், செட்டுக்குள் பாகர் ஓட்டுங்கள், பக்கவாட்டில் நனைத்த சாக்கு கட்டுங்கள் என்று எழுதியிருந்தோம். பாகர் என்றால் தண்ணீரைப் புகை மாதிரித் தூவும் குழாய் வரிசை. உலர்ந்த வெயிலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. பண்ணைக்காரர்கள் அப்படியே செய்தார்கள், கோழிகளும் பிழைத்துக் கிடந்தன.

ஒரு புதன்கிழமை காலையில் காற்று மாறியது. கிழக்கிலிருந்து ஈரம் ஏறி வந்தது, லேசாக மேகம் போட்டது, பிறகு காற்றே நின்றுவிட்டது. வெப்பமானி முந்தைய நாளைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டியது. எல்லோர் போனிலும் சூரியன் படத்துக்கு முன்னால் ஒரு மேகம் வந்திருந்தது, வெப்பம் தணியும் என்று போட்டிருந்தது. அதுவும் பொய்யில்லை. வேப்பமரத்தடியில் நின்ற எங்கள் ஜீப் டிரைவர்கூட, "அப்பாடா, இன்னிக்குத்தானுங்க மனுசன் இருக்க முடியுது" என்றார். ஆனால் ஈரக்குமிழ் ஏறிக்கொண்டே இருந்தது. என் கழுத்து வியர்வை காயவே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கந்தசாமி போனில் கூப்பிட்டார். மோகனூர் ரோட்டில் இரண்டு செட் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். அதற்கு முன்னால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கு வண்டியில் வடக்கே ஊர் ஊராகப் போர் போட்டுத் திரிந்தவர். அந்த உழைப்பு முழுவதையும் இந்த இரண்டு செட்டில் கொட்டியிருந்தார். கோழிகள் அப்போதுதான் முட்டைக்கு வந்திருந்தன. எங்கள் அறிக்கையை வரிக்கு வரி கடைப்பிடிக்கிற ஆள்.

"மேடமுங்க, நேத்தைக்குப் பாத்தா இன்னிக்கு வெயிலு கம்மிதானுங்க. ஆனா கோழி நெம்ப மூச்சு வாங்குதுங்க. காலைல இருந்து பாகர் நிறுத்தவே இல்லீங்க. இன்னும் ஒரு லைன் சேத்து உடலாமுங்களா?"

மூச்சு வாங்கும் கோழியைப் பார்த்தால் தண்ணீரைக் கூட்டத்தான் எந்தப் பண்ணைக்காரருக்கும் கை போகும். பல வருடப் பழக்கம் அது. அன்று அந்தப் பழக்கம்தான் கோழியைக் கொல்லும். காற்றில் ஏற்கெனவே ஈரம், அதற்குமேல் பாகர், போதாக்குறைக்கு இருக்கிற காற்றையும் மறிக்கிற சாக்கு. "இருங்க, சேத்தாதீங்க, நானே வாரேன்" என்று சொல்லிவிட்டு ரத்தினம் சாரிடம் ஓடினேன்.

"சார், பாகரை நிறுத்தச் சொல்லணும் சார். எல்லாப் பண்ணைக்கும்."

"நாமதான ஓட்டச் சொன்னோம்? அடுத்த அறிக்கை வெள்ளிக்கெழமதான்."

"வெள்ளிக்கெழமைக்குக் கோழி இருக்காது சார்."

தலையைச் சாய்த்தார். "பாத்தது எது, நெனச்சது எது?"

"இங்க பெட்டில ஈரக்குமிழ் ஏறுது, அது பாத்தது. செட்டுக்குள்ள இதவிட மோசமா இருக்கும்ங்கறது நெனச்சது."

"அப்பப் போயிப் பாரு. மத்தியான ரீடிங்க நான் எடுத்துக்கறேன். பாத்தத மட்டும் போன்ல சொல்லு."

ஜீப்பில் போகும் வழியெல்லாம் எனக்குப் பயம். மறைக்க ஒன்றுமில்லை. நான் சொல்லி அவர் நிறுத்தி, அதன் பிறகு கோழிகள் செத்தால், என் வார்த்தைதான் அவற்றைக் கொன்றது என்று ஆகிவிடும். கொஞ்ச நாள் முன்னால் ஓட்டு என்று சொன்ன அதே வாய்.

பண்ணை வாசலில் மருந்துத் தொட்டியில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனேன். செட் முழுக்கப் புகைமூட்டம் மாதிரி தண்ணீர்த் தூவல். பக்கமெல்லாம் நனைந்த சாக்குகள் சுவராகத் தொங்கின. கூண்டு வரிசைகளில் ஆயிரக்கணக்கான கோழிகள், சிறகை விரித்து, அலகைத் திறந்து, தொண்டை படபடக்க நின்றன. வழக்கமான கொக்கரிப்பு ஒன்றுகூட இல்லை. கடைக்கோடி வரிசையில் சில ஏற்கெனவே விழுந்து கிடந்தன. கந்தசாமியின் மனைவி சரசு அவற்றை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

நான் கிலுகிலுப்பையை எடுத்துச் சுழற்றினேன். நிறுத்திய கையோடு ஈரக்குமிழைப் படித்தேன். புள்ளி எட்டு, முப்பத்தொன்று. உலர்குமிழுக்கும் அதற்கும் நடுவே ஒன்றரை டிகிரிகூட இல்லை. வெளியே வந்து களத்துமேட்டில் சுழற்றினேன். வெயில் அங்கேதான் அதிகம், ஆனால் இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடைவெளி இருந்தது. எனக்கு எங்கம்மாவின் சமையல்கட்டு ஞாபகம் வந்தது.

"கந்தசாமிங்க, பாகர நிறுத்துங்க. சாக்கு எல்லாத்தையும் அவுத்து உடுங்க. ஜெனரேட்டரப் போட்டு பேன் அத்தனையும் ஓடட்டும். கூரைக்கு மேல மட்டும் தண்ணி போதும்."

மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "ஏனுங்க மேடம், கோழி வாயப் பொளந்துட்டு நிக்குது, இருக்கற தண்ணியவும் நிறுத்தச் சொல்றீங்களே! இது உங்குளுக்கே நல்லா இருக்குதுங்களா? போன வாரம் நீங்கதானுங்க ஓட்டச் சொன்னீங்க. தீவனக் கம்பெனி டாக்டரு இப்பத்தான் போன்ல, தண்ணியக் கூட்டுன்னாரு. உங்க கோழியா இருந்தா நிறுத்துவீங்களா?"

"என்ற கோழியா இருந்தா இந்நேரம் நிறுத்தியிருப்பேனுங்க" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னேன். "போன வாரம் காத்து காஞ்சு கெடந்துச்சு, தண்ணி வேணும்னோம். இன்னிக்குக் காத்தே ஈரமா இருக்குது. கோழி மூச்சுல இருந்து ஈரம் வெளிய போகணும். போறதுக்குக் காத்துல எடமில்லீங்க. நாம தண்ணியடிச்சு அடிச்சு அந்த எடத்தையும் அடைச்சுட்டிருக்கோம்."

அவர் அசையவில்லை. சரசுதான் கையிலிருந்த செத்த கோழியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அடைமழைல ஊட்டுக்குள்ள கொடி கட்டுனா துணி காயாதே, அந்த மாதிரியா மேடம்?"

"அதேதானுங்க!" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். "துணி காயாத எடத்துல கோழிக்கும் காயாது."

சரசு அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தீவன மூட்டை மேல் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு போய் முதல் சாக்கின் கயிற்றை அறுத்தார். "ஏய், சரசு, என்ன பண்றே!" என்று கந்தசாமி கத்தினார். "ஒரு செட்டு. ஒரே ஒரு செட்டுல பாக்கலாம். பேசிட்டே நின்னா ரெண்டும் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த கயிற்றுக்குப் போனார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு சாக்கை இழுத்தேன். கந்தசாமி ஒரு நிமிடம் நின்றார். பிறகு போய் முதல் செட்டின் பாகரை மூடினார். மூடிவிட்டு அந்த வால்வின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார், எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடத் தயாராக. குடிநீர்க் குழாய்களில் சூடேறிக் கிடந்த தண்ணீரையும் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தோம்.

அப்போது ரத்தினம் சார் கூப்பிட்டார். "பாத்தத சொல்லு."

"புள்ளி எட்டு, முப்பத்தொன்னு சார். செட்டுக்குள்ள. வித்தியாசம் ஒன்றரைகூட இல்ல."

"காத்து?"

"எலை அசையல."

"இங்கயும் அதேதான். சரி. எல்லாப் பண்ணைக்கும் சேதி அனுப்புறேன். பொதுவாப் போட்டா நம்ப மாட்டானுங்க. யாரு நேர்ல பாத்துச் சொன்னதுன்னு இருக்கணும். உம் பேரு போடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், இங்க இன்னும் கோழி தேறல. தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா கீழ எங் கையெழுத்து இருக்குதில்ல, அதப் புடிச்சுக்குவாங்க. நீ வேலயப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அரசு வேலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும், இப்படி ஒரு வாக்கியத்தை எந்த மேலதிகாரியும் சொல்ல மாட்டார். பேர் கீழே இருப்பவளுக்கு, பழி தனக்கு. கோழி நாற்றத்துக்கும் ஜெனரேட்டர் சத்தத்துக்கும் நடுவே நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சரசு பார்த்துவிட்டு, தூசி என்று நினைத்துத் துண்டை நீட்டினார்.

பிறகு காத்திருந்தோம். அதுதான் கஷ்டமான வேலை. திரும்பத் திரும்பச் சுழற்றினேன். உலர்குமிழ் கொஞ்சம் ஏறியது, கந்தசாமி முகம் கறுத்தது. ஆனால் ஈரக்குமிழ் இறங்க ஆரம்பித்தது. முதலில் புள்ளி புள்ளியாகத்தான். பேனுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு கோழி அலகை மூடியது. மறுபடி திறந்தது. மறுபடி மூடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று சிறகை மடக்கிக்கொண்டது. அப்புறம் எங்கோ நடுவிலிருந்து ஒரு கொக்கரிப்பு கேட்டது. சரசு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக வந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது வால்வுக்குப் பக்கத்தில் கந்தசாமியைக் காணோம். இரண்டாவது செட்டில் அரிவாளோடு சாக்குகளை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். "ஏ சரசு, வா புள்ள, சீக்கிரம் வா!" என்ற குரல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

செத்தவை செத்தவைதான். இரண்டாவது செட்டில் காத்திருந்த நேரத்துக்கு விலை கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. சேதியைப் பார்த்து நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள். பொம்பளை பேச்சைக் கேட்டுத் தண்ணீரை நிறுத்துவதா என்று இன்னும் கூட்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் பண்ணைகளில் மறுநாள் குழி தோண்டினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்த இரண்டு செட்டும் நின்றன. நிறையப் பண்ணைகள் நின்றன.

சாயங்காலம் இடியோடு கோடை மழை கொட்டியது. நான் நனைந்துகொண்டே நிலையத்துக்கு வந்தபோது ரத்தினம் சார் வராந்தாவில் நின்றிருந்தார். மேசையில் மத்தியான டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் கண்ணாடி ஜாடியை வைத்திருந்தார். "திரிக்கு நல்ல தண்ணி கெடைச்சிருச்சு. நாளைக்குக் காலைல துணி மாத்திரலாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போகத் திரும்பினேன். "ஏம்மா" என்றார். "நல்லாப் பாத்த." அவ்வளவுதான். எனக்குப் பிறகு கிடைத்த சான்றிதழ்கள் பீரோவில் இருக்கின்றன. இந்த இரண்டு வார்த்தையை நான் எதிலும் பூட்டி வைக்கவில்லை, யார் கேட்டாலும் சொல்லுவேன்.

மறுநாள் கந்தசாமி வந்தார். முட்டை கொண்டுவருவார், வாங்கக் கூடாதே என்று நான் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் வெறுங்கையோடு வந்து, "அந்தக் கிலுகிலுப்பை எங்க கெடைக்குமுங்க?" என்று கேட்டார். என்னுடையதைத் தர மனமில்லை, அப்பா கொண்டுவந்தது. அவர் நாமக்கல்லில் இரண்டு வெப்பமானிகள் வாங்கி, ஒரு பலகையில் அடித்து, ஒன்றுக்கு மல் துணி சுற்றிச் செட்டுக்குள் மாட்டிக்கொண்டார். எப்படிப் படிப்பது என்று நான் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். "கோழிக்கு இத்தன சாங்கியமுங்களா?" என்று சிரித்தார்.

பின்வரிசையில் எழுந்து கேட்ட பெண்ணே, இதுதான் என் பதில். அந்தப் புதன்கிழமை உன் போன் பொய் சொல்லவில்லை, நாமக்கல்லில் வெயில் குறைவு என்று சரியாகத்தான் சொன்னது. ஆனால் கந்தசாமி செட்டுக்குள் அது எட்டிப் பார்க்கவில்லை. அங்கே போய்ப் பார்ப்பதற்கும், பார்த்ததை நம்பி ஒரு மனிதனின் வாழ்க்கையின் மேல் ஒரு வார்த்தை சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளை ஆக்குவதற்குத்தான் அந்த டிகிரி. நான் படித்தேன், நான் சொன்னேன், கோழிகள் பிழைத்தன. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. நேற்று மத்தியானம் நல்ல புழுக்கம். கந்தசாமி கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு அதிகம் பேசுவதில்லை, ஏதோ யோசனை கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"மேடமுங்க, ஈரக்குமிழு புள்ளி ஆறு, இருவத்தொம்போது. பாகர நிறுத்திட்டேனுங்க. சாக்கும் அவுத்தாச்சு. சும்மா உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

புள்ளியை முதலில் சொன்னார். சரி என்று வைத்துவிட்டு, உடனே தம்மம்பட்டிக்குப் போன் போட்டேன். ரத்தினம் சாருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், கத்திச் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்படுவார் என்று நான் காத்திருந்தேன்.

"மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பாத்தானா?" என்றார்.

"அது கேக்கலீங்க சார்."

"கேளு."

இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கந்தசாமியைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, படிக்கறப்ப மூச்சப் புடிச்சுட்டீங்களா?"

"பின்ன?" என்றார் அவர், நான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி. "மூச்சு உட்டா ஏறிப்போயிருமுங்களே, மேடம்."